நாயோடு மலை ஏறுவது: பிரான்மலைப் பக்கம் போகிறவர்களுக்கு

என் நாய் செவலைக்கு அப்போது மூன்று வயது. புரட்டாசி மாதம், பிரான்மலையில் பாதிக்கு மேல் ஏறிவிட்டோம், மணி ஒன்பதரை தாண்டியிருக்கும். நான் உச்சியைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன், அவள் வழக்கம்போல என் காலுக்கு ஒரு முழம் முன்னால் போகிறாள். எதிரே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று, "தாயி, மேல பாத்தது போதும், கீழ நாயோட நாக்கைப் பாரு" என்றார். பார்த்தேன். நாக்கு முழுசாக வெளியே தொங்கி, நுனி அகப்பை மாதிரி அகன்று, ஈரல் நிறத்துக்கு வந்திருந்தது. அப்போதும் வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். நான் நின்றதும் அவளும் நின்றாள், பிறகு பின்னங்கால்கள் மடங்கிச் சரிந்தாள். பெரியவர் தன் கேனில் இருந்த தண்ணீரை அவள் வயிற்றிலும் தொடையிலும் ஊற்றினார், நான் துண்டால் விசிறினேன், அரை மணி நேரம் நிழலில் கிடந்த பிறகுதான் தலையைத் தூக்கினாள். கீழே வரைக்கும் தூக்கிக்கொண்டுதான் வந்தோம்.

நாய் "எனக்கு முடியவில்லை" என்று சொல்லவே சொல்லாது. நாம் நடக்கிற வரைக்கும் அது நடக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் படியுங்கள், ஏனென்றால் கீழே எழுதியிருக்கிற தண்ணீர், கயிறு, நேரம் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

செட்டிநாட்டில் மலை என்று சொல்ல நமக்கு அதிகம் இல்லை. செம்மண், பொட்டல், கண்மாய், ஊருணி, குன்றக்குடி மாதிரி ஒன்றிரண்டு குன்றுகள், அவ்வளவுதான். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி என்று மேற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணத்தில் பிரான்மலை நிற்கும். பாரியின் பறம்புமலை இதுதான் என்பார்கள். உயரம் இரண்டாயிரம் அடிக்கு மேல், வழியெல்லாம் பாறை, ஏறி இறங்க ஒரு முழுக் காலை வேண்டும். நடந்து பழகிய நாய்க்கு ஏற்ற மலை. இதே வழியில் வைரவன்பட்டி வைரவர், திருப்பத்தூர் யோக பைரவர், பிரான்மலை வடுக பைரவர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். நாயை வாகனமாகக் கொண்ட சாமியின் ரோட்டில் நாயோடு போவது எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு முறையும் வைரவன்பட்டி தாண்டும்போது கண்ணாடியை இறக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவேன்.

எப்போது போவது

புத்தகத்தில் படிக்கிற இலையுதிர் காலம் நமக்குக் கிடையாது. அந்த மாதங்களில் நமக்கு இருப்பது புரட்டாசியின் புழுக்கமும் ஐப்பசி, கார்த்திகையின் கூதிரும், அதாவது மழைக்குளிரும்தான். இரண்டும் நாய்க்கு வெவ்வேறு விதத்தில் சோதனை. புரட்டாசி வெயிலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, சித்திரை போய்விட்டது என்ற நினைப்பு. ஆனால் நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் அந்த மூச்சிரைப்பும் சரியாக வேலை செய்யாது. அதனால் மேகம் மூடி, காற்று அசையாமல், நமக்கே கசகசவென்று இருக்கிற நாள்தான் நாய்க்கு மோசமான நாள்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வார வாக்கில் தொடங்கும். முதல் இரண்டு மழை விழுந்து, இடையில் நாலைந்து நாள் வானம் தெளியும் பாருங்கள், என் கணக்கில் அதுதான் சரியான நேரம். பாறை கழுவி விட்டாற்போல இருக்கும், காற்றில் குளிர்ச்சி வந்திருக்கும், சுனைகளில் தண்ணீர் இருக்கும். மழை நின்ற மறுநாளே போகாதீர்கள், ஒரு நாள் பாறை காயட்டும். பாசி பிடித்த பாறையில் நாலு கால் இருந்தாலும் நாயும் வழுக்கும்.

நாள் பார்க்கும்போது இன்னும் சில விஷயங்கள். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரிலும், 27 அன்று காளையார்கோவிலிலும் மருதுபாண்டியர் குருபூஜை, 30 அன்று பசும்பொன்னில் தேவர் குருபூஜை. அந்த வாரம் நம் மாவட்டச் சாலைகளில் போலீஸ் கட்டுப்பாடும் வழிமாற்றமும் இருக்கும், நாயை வண்டியில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டி வரும், வேறு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் வேண்டவே வேண்டாம். அடிவாரத்தில் ஒரு வெடி வெடித்தால் மலையில் எதிரொலித்து நாலு வெடியாகக் கேட்கும், பயந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. கார்த்திகை தீபத்தன்று மலைக்கோயில் என்றாலே கூட்டம்தான், அன்றும் வேண்டாம்.

எங்கே போகலாம், எங்கே கூடாது

கோயிலுக்குள் நாயைக் கூட்டிப் போக முடியாது, யாராவது ஒருவர் வெளியே நாயோடு நிற்க வேண்டும், அதனால் இரண்டு பேராகப் போங்கள். தனியாகப் போகாமல் இருக்க இது ஒன்றே போதுமான காரணம் என்பேன், நாயைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டி வந்தால் இரண்டாவது ஆள் இல்லாமல் முடியாது. பிரான்மலை உச்சியில் தர்கா இருக்கிறது. அங்கே தொழ வருகிறவர்களுக்கு நாயின் எச்சில் பட்டால் திரும்பச் சுத்தம் செய்துகொள்ள வேண்டி வரும். எனவே தர்காவுக்கு நன்றாகத் தள்ளியே நாயை நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கிருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் கேட்டபோதெல்லாம் அன்பாகத்தான் இடம் காட்டினார்கள்.

மலையின் எந்தப் பக்கம் காப்புக்காடு, அங்கே போக அனுமதி வேண்டுமா, நாய்க்கு அனுமதி உண்டா என்பதையெல்லாம் போவதற்கு முன்பே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ வந்து மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகிவிட்டன, அது நல்லதுக்குத்தான். அழகர்மலை, சிறுமலை என்று கொஞ்சம் பெரிய மலைத்தொடருக்கு ஆசைப்படுகிறவர்கள் கண்டிப்பாகக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், சிறுமலையில் காட்டுமாடு உண்டு, நாயைப் பார்த்தால் அது சும்மா போகாது. சரணாலயங்களுக்குள் நாய் கூடவே கூடாது. நம் பக்கத்திலேயே திருப்பத்தூர் அருகில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது, கூதிர் காலத்தில்தான் பறவைகள் வந்து இறங்கும், அந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமலே இருக்கிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். அந்தக் கண்மாய்க் கரையில் நாயை இறக்கிவிட்டு ஓடவிட மனசு வரக்கூடாது. திருமயம் கோட்டை மாதிரி தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிற இடங்களுக்கும் நாய் இல்லாமல் போங்கள்.

எந்த நாய்

ஒரு வயது ஆகாத குட்டியை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், நீண்ட ஏற்றமும் பாறையிலிருந்து குதிப்பதும் மூட்டைக் கெடுக்கும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மலையே வேண்டாம், அவற்றுக்குச் சமதரையில் மூச்சு விடுவதே பாடு. லாப்ரடார் போகலாம், ஆனால் வீட்டுக்குள் சாப்பிட்டுச் சாப்பிட்டு இடுப்பு காணாமல் போன லாப்ரடார் போகக் கூடாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும், விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். ராஜபாளையம் வெள்ளை நாய், மூக்கும் தோலும் இளஞ்சிவப்பு, வெயிலில் புண்ணாகும். அவற்றில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, கூப்பிட்டால் திரும்பும் என்று நம்பிக் கயிற்றை விட்டுவிடாதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் ஓட்டத்துக்குப் பிறந்தவை, முயலைக் கண்டால் உங்கள் குரல் அவற்றின் காதில் ஏறாது. நாயை விட்டு முயலையோ மயிலையோ துரத்துவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைதான், தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

என்னைக் கேட்டால் நம் நாட்டு நாய்தான் இந்த மலைக்கு வாகு. செவலை தெருவிலிருந்து வந்தவள். அவளே அன்றைக்குச் சரிந்தாள் என்றால் மற்ற நாய்களை நினைத்துப் பாருங்கள்.

வெறிநாய்த் தடுப்பூசி வருடத்துக்கு ஒருமுறை போட்டிருக்க வேண்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம், அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவார்கள், மலைக்குப் போகிற பருவத்துக்குச் சரியாக முன்னால் வருவதால் நான் அதையே கணக்காக வைத்திருக்கிறேன். கூடவே லெப்டோ தடுப்பூசியும் சேர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். எலிச் சிறுநீர் கலந்த மழைத் தண்ணீரிலிருந்து வருகிற காய்ச்சல் அது, நாயிடமிருந்து நமக்கும் தொற்றும்.

பாதத்தைப் பழக்குவது

இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் யாரும் இதைச் செய்வதில்லை. நம் வீட்டு நாய்கள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் படுத்து எழுந்து வளர்கின்றன. முகப்பிலிருந்து வளவுக்கும் வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கும் நடந்தால் அன்றைய நடை முடிந்தது. அந்த வழவழப்பில் பாதத் தோல் குழந்தையின் உள்ளங்கை மாதிரி இருக்கும், நகமும் தேயாமல் நீண்டுவிடும். அப்படியே கொண்டுபோய்ப் பாறையில் விட்டால் ஒரு மணி நேரத்தில் தோல் உரியும். வரும்போது பார்த்தால் பாறையில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருக்கும், அப்போதுதான் நமக்குத் தெரியும்.

ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். புரட்டாசிக்குப் போவது என்றால் ஆடியிலேயே. முதல் வாரம் செம்மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர், விடியற்காலையில். பிறகு கண்மாய்க் கரைக்குப் போங்கள், கரையில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மடை வரைக்கும் போய்த் திரும்புங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து சரளை கிடக்கிற பாதை, வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போகலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு. வீட்டுத் தரையில் நடக்கும்போது நகம் டக்டக்கென்று கேட்டால் நீளம் அதிகம், வெட்டிவிடுங்கள், மலைக்கு முந்தின நாள் வெட்டாதீர்கள், ஒரு வாரம் முன்பே. ஆறாவது வாரத்தில் நாய் ஏழெட்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து, பத்து நிமிடத்தில் மூச்சு சீராகி, மறுநாள் நொண்டாமல் எழுந்தால் சரி, தயார்.

பாறை சுடுகிறதா என்று பார்க்க உங்கள் புறங்கையை அதன்மேல் ஏழு நொடி வையுங்கள். வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

பையில் என்ன

தண்ணீர்தான் பாதிப் பை. இருபது கிலோ நாய் வீட்டில் சும்மா இருக்கும்போதே நாளுக்கு ஒரு லிட்டர் குடிக்கும். மலைக்கு அதற்கென்று தனியாக இரண்டு லிட்டர் எடுங்கள், அது போக அவசரத்துக்கு உடம்பில் ஊற்ற இன்னொரு லிட்டர். கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தி நாலு வாய் கொடுங்கள். மொத்தமாக ஒரு கிண்ணம் வைத்தால் மடக்மடக்கென்று குடித்துவிட்டு வாந்தி எடுக்கும். சுனைத் தண்ணீரில் நாயை வாய் வைக்கவோ இறங்கவோ விடாதீர்கள். மேலே இருப்பவர்களும் வருகிறவர்களும் குடிக்கிற தண்ணீர் அது. வேண்டுமானால் நீங்கள் முகந்து, தள்ளி வைத்து, உடம்பில் ஊற்றிவிடலாம்.

கழுத்துச் சங்கிலி வேண்டாம். பாறை இடுக்கில் மாட்டினால் கழுத்தை நெரிக்கும். நெஞ்சோடு சேர்ந்து வருகிற பாடி பெல்ட் வாங்குங்கள், முதுகுப் பக்கம் பிடி இருக்கிறதாகப் பார்த்து. உயரமான பாறையில் ஏற்றி இறக்க அந்தப் பிடிதான் உதவும். கயிறு ஆறடி நைலான் போதும். அதைக் கையில் சுற்றிக்கொள்ளவோ இடுப்பில் கட்டிக்கொள்ளவோ கூடாது, சரிவில் நாய் பாய்ந்தால் நீங்களும் சேர்ந்து போவீர்கள்.

அப்புறம் ஒரு நாலு முழ வேட்டி. மருந்துப் பையைவிட எனக்கு இதுதான் முக்கியம். நாய் நடக்க முடியாமல் போனால் வேட்டியை இரண்டாக மடித்து, நாயை நடுவில் கிடத்தி, இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராகப் பிடித்துத் தூளி மாதிரித் தூக்கலாம். சின்ன நாய் என்றால் ஒருவரே தோளில் முடிந்துகொண்டு இறங்கலாம். மருந்துப் பையில் பஞ்சு, கட்டுத்துணி, பெட்டாடின், உண்ணி எடுக்க இடுக்கி, குழந்தைகள் போடுகிற காலுறை இரண்டு ஜோடி. பாதம் கிழிந்தால் கழுவி, கட்டி, காலுறையை மாட்டிவிட்டால் அடிவாரம் வரை தாங்கும். வலிக்கிறதே என்று நம் மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், நாம் சாதாரணமாகப் போடுகிற பாராசிட்டமால், புரூஃபன் எல்லாம் நாய்க்கு விஷம்.

சாப்பாடு. கிளம்ப இரண்டு மூன்று மணி நேரம் முன்பு கால் வயிறு. வயிறு நிறையத் தின்றுவிட்டு ஏறினால், அதுவும் ராஜபாளையம் மாதிரி நெஞ்சு ஆழமான நாய்களுக்கு, இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அது உயிருக்கே உலை. நடுவில் கொடுக்க அவித்த சீனிக்கிழங்கோ முட்டையோ போதும். எங்கள் வீட்டில் புரட்டாசிக்கு அடுப்படியில் கவிச்சி ஏறாது, அப்பத்தா செவலைக்கு மட்டும் பின்கட்டில் தனி அடுப்பு மூட்டி முட்டை அவித்துத் தருவார். முந்தின நாள் கோழிக் குழம்பு மிச்சத்தைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும், வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ஏறும்போது

அக்டோபரில் ஆறு மணி சுமாருக்கு விடியும். அந்த வெளிச்சத்தில் முதல் அடி வைத்துவிட வேண்டும், அப்படியென்றால் காரைக்குடியிலிருந்து நாலரைக்குக் கிளம்ப வேண்டும். அடிவாரத்தில் ஊர் நாய்கள் கூட்டமாக வரும், அது அவற்றின் இடம், வரத்தான் செய்யும். உங்கள் நாயைத் தூக்காதீர்கள், தூக்கினால் உங்கள் மேல் தாவும். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, நாய்க்கும் அவற்றுக்கும் நடுவில் நீங்கள் வந்து, நிற்காமல் நடங்கள். குனிந்து கல் எடுப்பதுபோல ஒரு பாவனை காட்டினால் பெரும்பாலும் விலகிவிடும், எறியத் தேவையில்லை. ஆட்டு மந்தை வந்தால் பாதையை விட்டு ஒதுங்கி, நாயை உட்காரவைத்து, மந்தை முழுக்கத் தாண்டும்வரை காத்திருங்கள்.

மழைக்குப் பிறகு பாதையோரம் ஊசிப்புல் இடுப்பளவு நிற்கும். அதன் விதை நாயின் விரலிடுக்கிலும் காதிலும் ஏறினால் முன்னால்தான் போகும், பின்னால் வராது, தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சீழ் வைக்கும். நாய் திடீரென்று தலையை ஒரு பக்கமாக உதறிக்கொண்டே இருந்தால் காதைப் பாருங்கள். நெருஞ்சி, சீமைக்கருவேல முள் எல்லாம் அடிவாரத்தில் உண்டு, காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் உடனே பார்த்து எடுத்துவிடுங்கள், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

பாறை இடுக்குக்குள் மூக்கை நுழைக்க விடாதீர்கள். காய்ந்த பாறைப் பாங்கான இடம் சுருட்டை விரியனுக்கு வீடு, அடிவாரப் புல்லில் கண்ணாடி விரியன் இருக்கும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம், கீறி ரத்தம் எடுக்கவும் வேண்டாம், நாயை ஒரு அடி கூட நடக்கவிடாமல் வேட்டியில் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். இறங்கும்போதே கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்து விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். எந்த மருத்துவமனை, எந்த எண் என்பதை முதல் நாளே எழுதிவைத்திருக்க வேண்டும், மலையில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது.

பாரியின் மலைக்குத் தேன் பேர்போனது. பாறைச் சரிவுகளில் மலைத்தேனீ முறம் முறமாகக் கூடு கட்டித் தொங்கும். கீழே நின்று கத்துவது, புகை போடுவது, வாசனை பூசிக்கொண்டு போவது, கல் விடுவது எதுவும் வேண்டாம். குரைக்கிற நாயாக இருந்தால் கூடு தெரிகிற இடத்துக்கு முன்பே திரும்பிவிடுங்கள். தேனீ கிளம்பிவிட்டால் நின்று கையை வீசாமல் நாயோடு ஓடுவதுதான் ஒரே வழி, அதனால்தான் கயிற்றை எதிலும் கட்டிப்போடக் கூடாது. கட்டிப்போட்ட நாய் ஓட முடியாது. குரங்குகள் கோயில் பக்கம் அதிகம். தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள், நாயைக் குரைக்க விடாதீர்கள், ஒரு குரங்கைத் துரத்தினால் பத்து குரங்கு திரும்பி வரும், கடித்தால் ஆழமாகக் கடிக்கும்.

முகட்டில்

மேலே வந்து முகட்டோடு நடக்கும்போது காற்று நன்றாக இருக்கும், அந்தக் காற்றில் நாய் காதைப் பின்னால் தள்ளிக்கொண்டு கண்ணை மூடி நிற்கிற அழகுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் போகிறேன். ஆனால் இந்த மாதங்களில் முகடு என்றால் இடி. ஐப்பசி இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், காலையிலேயே மேகம் கோபுரம் மாதிரி எழும்ப ஆரம்பித்தால் அன்று முன்கூட்டியே வரும் என்று அர்த்தம். மின்னல் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. முப்பதுக்குள் கேட்டால் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப ஏறுவதைப் பற்றி யோசிக்கலாம், என்னைக் கேட்டால் யோசிக்காமல் வீட்டுக்குப் போகலாம். விளிம்பில் நின்று படம் எடுக்கும்போது கயிற்றை இன்னொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். பறக்கிற பருந்தைப் பார்த்து நாய் ஒரு அடி முன்னால் வைத்தால் போதும்.

எங்கே இருந்தாலும் சரி, ஒன்பது மணிக்குத் திரும்புங்கள். உச்சிக்கு ஐம்பது அடி இருந்தாலும் திரும்புங்கள். இறங்குவதற்கும் நாய்க்குப் பலம் வேண்டும், முன்னங்கால் மூட்டில்தான் பாரமெல்லாம் விழும்.

நாய் மலம் கழித்தால் பையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். பை இல்லையென்றால் பாதையையும் சுனையையும் விட்டு இருநூறு அடியாவது தள்ளி, அரையடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.

நாய் சொல்வதைக் கவனிப்பது

மூச்சிரைப்பு எல்லா நாய்க்கும் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது மாற்றத்தை. நிழலில் ஐந்து நிமிடம் நின்றும் மூச்சு குறையவில்லை, நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகிறது, எச்சில் கயிறு கயிறாக வடிகிறது, கூப்பிட்டால் கண் உங்களிடம் நிற்கவில்லை, நிழல் நிழலாகப் பார்த்துப் படுக்கிறது, முன்னால் நடந்த நாய் உங்கள் பின்னால் நடக்கிறது. இந்தக் கடைசி அடையாளத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். இதில் ஒன்று தெரிந்தாலும் ஏறுவதை நிறுத்திவிடுங்கள்.

தள்ளாடினால், வாந்தி எடுத்தால், விழுந்தால் அது வெப்ப அதிர்ச்சி. நாயின் உடல் வெப்பம் சாதாரணமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும், 104ஐத் தாண்டினால் ஆபத்து, 106 என்றால் உறுப்புகள் கெடத் தொடங்கும். முதலில் குளிரவையுங்கள், பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடுவது. வயிறு, தொடை இடுக்கு, அக்குள், பாதம் எல்லாம் நனையும்படி தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். ஈரத்துணியைப் போர்த்தி மூடிவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். மயக்கத்தில் இருக்கிற நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். எழுந்து வாலை ஆட்டினாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வெப்பத்தில் அடிபட்ட சிறுநீரகமும் ஈரலும் மறுநாள் கூடப் படுத்தும். செவலையை அன்று மாலையே கொண்டுபோய் இரண்டு நாள் ஊசியும் சொட்டு மருந்தும் ஏற்றினோம்.

வீட்டுக்கு வந்தபின்

வண்டியில் ஏற்றும்போது ஈரத்தோடு ஏற்றுங்கள், கண்ணாடியைப் பாதி இறக்கிவையுங்கள். சிங்கம்புணரியில் நீங்கள் டீ குடிக்கிற பத்து நிமிடத்துக்குக் கூட மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் திண்ணையிலேயே உட்காரவைத்து உண்ணி பாருங்கள். காதுக்குள், கழுத்துப்பட்டை அடியில், அக்குளில், விரலிடுக்கில், வால் அடியில். மழைக்குப் பிறகு புல்லில் உண்ணி மண்டிக் கிடக்கும். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, ஊதுவத்தியால் சுடுவது வேண்டாம், உண்ணி வயிற்றில் இருப்பதை நாயின் ரத்தத்துக்குள் கக்கிவிடும், காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது. அடுத்த மூன்று வாரத்துக்குள் நாய் சோர்ந்து படுத்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்துப்போனால் மலைக்குப் போய் வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்.

பாதங்களை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, வெடிப்பு இருந்தால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இரண்டு நாள் நடை கிடையாது. செவலை இப்போது ஏழு வயதுக்காரி, மலையில் பாதி வரைக்கும்தான் போகிறோம், அந்தப் பெரியவர் தண்ணீர் ஊற்றிய பாறை வரைக்கும். அங்கே உட்கார்ந்து முட்டையைப் பங்கு போட்டுச் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கெல்லாம் இறங்கிவிடுவோம்.